இஞ்ஞாசிமுத்து சீவிய முள்முடி

ஓடைப்பட்டிக்கு மேற்கே மிக்கேல்பட்டி என்று ஓர் ஊர். நாற்பது வீடு, ஒரு சின்னக் கோவில், கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிணறு, கிணற்றடியில் ஒரு பூவரச மரம். அவ்வளவுதான் ஊர். பெரியாற்றில் அணை கட்டுகிறார்கள் என்று பள்ளத்தாக்கில் பாதி ஆம்பிளைகள் மலையேறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. இந்த ஊர்க் கோவில்பிள்ளை இஞ்ஞாசிமுத்துவையும் ஆள்பிடிக்கிறவர்கள் வந்து கூப்பிட்டுப் பார்த்தார்கள். "நான் போயிட்டா மணி யாரு அடிப்பா?" என்று கேட்டு அனுப்பிவிட்டான்.

கேலி செய்தவர்கள் செய்யட்டும், அவனுக்கு அந்த மணி அப்படி. அவன் அப்பன் அடித்த மணி. காலை, உச்சி, அந்தி என்று மூன்று வேளையும் அடிப்பான். கோவிலைக் கூட்டுவான். மிக்கேலாண்டவர் சுரூபத்துக்கு முன்னால் எரியும் தூங்காவிளக்குக்கு எண்ணெய் ஊற்றுவான். மாதத்துக்கு ஒரு தரம் பிரெஞ்சுக்காரச் சாமியார் குதிரையில் வந்து இறங்கினால் குதிரைக்குப் புல் போடுவதிலிருந்து பூசைக்கு மெழுகுதிரி ஏற்றுவது வரைக்கும் அவன்தான். சாமியார் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அமிர்தராஜ் உபதேசியார் செபம் சொல்லுவார், இவன் மணியடிப்பான்.

கோவில்பிள்ளைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதைச் சொல்லாமல் இவன் கதை நகராது. ஊரறியப் பாவம் செய்தவன் ஊரறிய அபராதம் செய்ய வேண்டும் என்பது அந்தக் காலத்துக் கட்டு. குடித்துவிட்டுக் கோவில் வாசலில் விழுந்தவன், பெண்டாட்டியை அடித்து விரட்டினவன், வேற்றுச் சாமியைப் போய்க் கும்பிட்டவன், இவர்களெல்லாம் மூன்று ஞாயிற்றுக்கிழமை தலையில் முள்முடியோடு கோவில் வாசலில் நிற்க வேண்டும். உள்ளே போகிறவர்களும் வெளியே வருகிறவர்களும் பார்ப்பார்கள். பார்க்கத்தானே நிறுத்துவது! அந்த முடியை முடைவதும், தலையில் வைப்பதும், எடுப்பதும் கோவில்பிள்ளை.

இஞ்ஞாசிமுத்து அதில் பொல்லாத கறார். ஓடைக்கரை இலந்தையில் இளமுள் எடுக்க மாட்டான், முற்றின முள்ளாகப் பார்த்து வெட்டுவான். குடிகாரப் பொன்னுராஜ் நின்ற வருஷம் அவன் நெற்றியில் வடிந்த ரத்தம் புருவத்தில் வந்து நின்றது. "கொஞ்சம் பாத்து வைக்கக் கூடாதாண்ணே?" என்று அவன் முனகினான்.

"குத்துறதுக்குத்தானப்பா முள்ளு" என்றான் இஞ்ஞாசிமுத்து.

தான் ஒரு தப்புத்தண்டாவுக்கும் போகாதவன் என்கிற நினைப்பு அவனுக்கு உள்ளூர நிறையவே இருந்தது. இருக்கட்டும், யாருக்குத்தான் இல்லை? அவனுக்கு அது கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

அவனுக்கும் ரோசம்மாளுக்கும் மூன்று பிள்ளை பிறந்து மூன்றும் தங்கவில்லை. நாலாவது அருளாயி. ஐந்து வயசு. மணிக்கயிற்றைத் தானும் பிடிக்க வேண்டும் என்று அப்பன் இடுப்பில் ஏறிக்கொள்ளும். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று ஆனி மாதக் கடைசியில் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார்கள். தீர்த்தம் தெளித்தார்கள். அந்தோணியாருக்கு ஒன்பது நாள் செபம் சொன்னார்கள். இவன் முழங்காலில் நின்று நின்று முட்டி காய்த்துப் போனது. காய்ச்சல் இருபது நாளாகியும் இறங்கவில்லை. பிள்ளை கண்ணைத் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. ரோசம்மாள் அழுவதை விட்டுவிட்டாள். அதுதான் அவனைப் பயமுறுத்தியது. மூன்றாவது பிள்ளை போகிறதுக்கு முன்னாலும் அவள் இப்படித்தான் அழுவதை நிறுத்தியிருந்தாள்.

அது ஆடி. ஆடிச் சனிக்கிழமை என்றால் குச்சனூர்ச் சனீஸ்வரர் கோவிலுக்குப் பள்ளத்தாக்கே திரண்டு போகும். ஊருக்கு வெளியே வண்டித்தடத்தில் வெள்ளிக்கிழமை சாயந்திரமே வண்டிகள் வரிசைகட்டிப் போயின. வண்டி நிறையப் பெண்டுகள், முந்தியில் எள்ளு முடிந்திருந்தார்கள். பிள்ளைக்குக் கிரகம் சரியில்லையாம், எள் விளக்குப் போட்டால் விட்டுவிடுமாம் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டே போனாள். இஞ்ஞாசிமுத்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டான். வண்டி போன பிறகும் அங்கேயே நின்றான்.

அன்றைக்கு அந்தி மணி அடித்துவிட்டு அவன் செய்த காரியத்தைக் கேளுங்கள். தூங்காவிளக்குக்கு என்று ஊரார் நேர்ந்துகொண்டு கொடுத்த நல்லெண்ணெய் ஜாடியில் இருந்தது. அதில் உழக்கு எண்ணெய் எடுத்தான். எதில் ஊற்றிக்கொண்டு போவது? தன் வீட்டுச் சாமானை எடுத்தால் ரோசம்மாள் கேட்பாள். கிணற்றடியில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன சின்னச் செம்பு ஒன்று கிடந்தது. யாருடையது என்றுகூடப் பார்க்காமல் எடுத்தான். விடியக்காலை மணி அடித்த கையோடு, "சின்னமனூர் வைத்தியருகிட்ட மருந்து வாங்கியாறேன்" என்று பெண்டாட்டியிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

குச்சனூரில் எள் போட இடமில்லாத கூட்டம். வாசலில் ஒரு பிடி எள்ளும் ஓர் அகலும் வாங்கி, முண்டாசை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நுழைந்தான். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்து, அவர்கள் செய்தபடியே எள்ளைத் துணியில் முடிந்து, எண்ணெயில் நனைத்து, அகலில் வைத்து ஏற்றினான். விளக்கு எரிந்தது. என்ன சொல்லிக் கும்பிடுவது என்று தெரியவில்லை. "எம் பிள்ளைய விட்டுருங்க" என்று மட்டும் சொன்னான். சொல்லி முடித்ததும் கை தானாக நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்குப் போனது, இடது தோளுக்கும் வலது தோளுக்கும் போனது. நாற்பது வருஷப் பழக்கம். சனீஸ்வரருக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுவிட்டான், பாவி மனுஷன்!

பக்கத்தில் விளக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு பொம்பிளை அதைப் பார்த்துவிட்டாள். கோபிக்கவில்லை, சிரிக்கவுமில்லை. "எப்படிக் கும்பிட்டா என்னப்பா, ஏத்துக்கிடுவாக" என்றாள்.

அவள் வைதிருந்தால் அவன் நின்றிருப்பான். அவள் இதமாகப் பேசியதுதான் அவனைச் சுட்டுவிட்டது. முகமெல்லாம் எரிய, கூட்டத்தை இடித்துக்கொண்டு வெளியே வந்தவன் ஆற்றங்கரை தாண்டித்தான் மூச்சு விட்டான். செம்பு விளக்கு மாடத்துக்குக் கீழேயே கிடந்துவிட்டது. திரும்பிப் போய் எடுக்க அவனுக்குத் தைரியமில்லை.

வீட்டுக்கு வந்தால் ரோசம்மாள் வாசலிலேயே நிற்கிறாள். பிள்ளை கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டதாம். தொட்டுப் பார்த்தான், உடம்பு வேர்த்திருந்தது. காய்ச்சல் விட்டுவிட்டது. அவன் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். யாருக்கு நன்றி சொல்வது என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. அந்தி மணி அடிக்கக் கோவிலுக்குப் போனபோது மிக்கேலாண்டவர் சுரூபத்தை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எட்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. செபம் முடிந்து சனங்கள் வெளியே வரும் நேரம். குச்சனூரில் பூ விற்கிற சீனிச்சாமி ஒரு செம்போடு வந்து நின்றார். நல்ல மனுஷன், அடுத்தவர் சாமானைத் தன் வீட்டில் வைத்திருக்கச் சகிக்காதவர்.

"ஆடிச் சனிக்கு நம்ம கோவில்ல வெளக்கு மாடத்துக்குக் கீழ கெடந்துச்சு. யாரு வச்சாகன்னு தெரியல. அடியில சிலுவை வெட்டியிருக்கு, சரி, மிக்கேல்பட்டிச் சாமானாத்தான் இருக்கும்னு எடுத்தாந்தேன்" என்றார்.

உபதேசியார் செம்பை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். சிலுவைக்குக் கீழே 'இரு' என்று வெட்டியிருந்தது. இருதயம்மாள் செம்பு. அது அவள் கல்யாணச் சீர் என்று ஊருக்கே தெரியும்.

இருதயம்மாள் கைம்பெண். புருஷன் அணை வேலைக்குப் போய் மலைக்காய்ச்சலில் மலையிலேயே போய்விட்டான். ஒரே மகள் ஞானசெல்வி. அவளுக்குத் தெற்கே ஓர் ஊரில் மாப்பிள்ளை பேசி முடித்து, கோவிலில் ஊரறிய அறிவிக்கிற கல்யாண ஓலை வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. இருதயம்மாளின் தாய்வீட்டுச் சனம் கிறிஸ்தவ வேதத்துக்கு வராதவர்கள், குச்சனூர்ப் பக்கத்தில் இருந்தார்கள். போதாதா? செம்பும் அவளுடையது, சாதிசனமும் அந்தப் பக்கம். ஊருக்கு வேறென்ன வேண்டும்!

"எஞ் செம்புதான். கெணத்தடியில வச்சேன், காணாமப் போச்சு. அங்கன எப்படிப் போச்சுன்னு தெரியாது" என்றாள்.

யார் நம்பினார்கள்? ஒருத்தரும் இல்லை. இஞ்ஞாசிமுத்து மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் நின்றான். செம்பைப் பார்த்ததுமே அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. இப்போதே சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. சொன்னால் மணி போகும், ஊர் மரியாதை போகும், தான் முடி வைத்த பொன்னுராஜ் கைகொட்டிச் சிரிப்பான். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அந்த 'அப்புறம்' அவனை ஆறு மாதம் தின்றது.

ஆவணியில் சாமியார் வந்து விசாரித்தார். அவர் பேசுவது புஸ்தகத் தமிழ். "செம்பு உம்முடையது என்று ஒப்புக்கொள்கிறீர். நீர் போகவில்லை என்றால் செம்புக்குக் கால் முளைத்ததோ?" என்று கேட்டார். ஊர்ப் பெரியதனக்காரர்கள் சிரித்தார்கள். சாமியாருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்ற இஞ்ஞாசிமுத்து குடையைத் தன் முகம் மறையச் சாய்த்துக்கொண்டான்.

"மூணு ஞாயித்துக்கிழமை நிக்கச் சொன்னா நிக்கிறேன் சாமி, ஊர்க்கட்டுக்கு. இல்லேன்னா எம் மகள யாரும் சேக்க மாட்டாக" என்றாள் இருதயம்மாள். "ஆனா சங்கீர்த்தனத்துல வந்து, போனேன்னு சொல்ல மாட்டேன். செய்யாதத செஞ்சேன்னு சாமிகிட்ட எப்படிச் சொல்றது? அதுவே பாவமில்லையா?"

சங்கீர்த்தனம் என்றால் சாமியாரிடம் தனியாகப் பாவத்தைச் சொல்லிப் பொறுத்தல் கேட்பது. சாமியாருக்கு முகம் சிவந்தது. பாவத்தை மறைக்கிறவளுக்குப் பாவப்பொறுத்தல் கிடையாது, பாவப்பொறுத்தல் இல்லாதவளுக்கு நன்மை கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார். நன்மை என்றால் பூசையில் கொடுக்கிற அப்பம், ஆண்டவருடைய திருச்சரீரம். அதைவிடப் பெரிய தள்ளுபடி அந்தச் சனத்துக்குக் கிடையாது. தாய் தள்ளுபடியாக இருக்கும்வரை மகளுக்கு ஓலை வாசிக்க முடியாது என்றும் சொன்னார். தவக்காலத்தில் கல்யாணம் கூடாது என்பதால், மாப்பிள்ளை வீட்டார் அதற்கு முன்னால் கல்யாணம் முடிய வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்றார்கள்.

முடி முடைய வேண்டியவன் இஞ்ஞாசிமுத்து.

ஓடைக்கரையில் உட்கார்ந்து இலந்தைக் கொப்பை வளைத்துக் கட்டினான். கட்டிவிட்டுப் பேனாக்கத்தியை எடுத்து, தலையில் படுகிற உள்பக்கத்து முள் ஒவ்வொன்றையும் அடியோடு சீவினான். வெளிப்பக்கம் மட்டும் முள் விறைத்துக்கொண்டு நின்றது. பார்க்கிறவர்களுக்கு வழக்கமான முடி. இது போதும், அவளுக்கு வலிக்காது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டான். வெட்கங்கெட்ட சமாதானம்! அவள் தலையில் அதை வைத்தபோது அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வைத்த பிறகு மெல்லத் திறந்தாள்.

முதல் ஞாயிறு போனது, இரண்டாவது போனது. தாய் நிற்பதைப் பார்க்க மாட்டாமல் ஞானசெல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடுவாள். மூன்றாவது ஞாயிறு, எல்லாரும் போன பிறகு, இஞ்ஞாசிமுத்து முடியை எடுத்தான். இருதயம்மாள் அதைக் கையில் வாங்கினாள். உள்பக்கத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தாள்.

"முள்ளச் சீவிட்டியேண்ணே" என்றாள்.

அவன் முடியைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினான்.

"பொன்னுராசுக்குச் சீவல. யாருக்குமே நீ சீவினதில்ல." அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்னென்னவோ அவளுக்குள் கூடிவருவது அவனுக்கே தெரிந்தது. கடைசியில் கேட்டாள்: "அருளாயிக்கு இப்ப ஒடம்பு எப்படி இருக்கு?"

"தேவல" என்றான், தரையைப் பார்த்து.

"இருக்கட்டும். நல்லா இருக்கட்டும்." முடியை அவன் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

நாளைக்கே ஊரைக் கூட்டிவிடுவாள் என்று அவன் பயந்து கிடந்தான். அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஒரு தரம் கிணற்றடியில் எதிர்ப்பட்டபோது அவனே அடக்கமாட்டாமல், "ஏன் தாயி சொல்லாம இருக்க?" என்று கேட்டான்.

"நான் சொன்னா யாரு நம்புவாக? எம் பேர நீ எடுத்தே. நீ குடுத்தாத்தான் எனக்கு வரும்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அதற்குப் பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை. சாமியார் வரும்போதெல்லாம் சங்கீர்த்தனத்துக்கு ஆட்களை வரிசையில் நிறுத்துவது அவன் வேலை. எல்லாரையும் நிறுத்துவான், தான் மட்டும் போக மாட்டான். குதிரைக்குத் தண்ணி காட்டணும், மெழுகுதிரி பார்க்கணும் என்று நழுவுவான். நன்மை வாங்கும் நேரத்தில் பூசைக் கைமணியைத் துடைத்துக்கொண்டு நிற்பான். தள்ளுபடியானவளுக்கு உள்ளே இடமில்லை என்று பூவரச மரத்தடியில், கோவிலுக்கு வெளியே, முழங்காலில் இருந்தபடி இருதயம்மாள் பூசை காண்பாள். உள்ளே இருக்கிற இவனுக்கும் வெளியே இருக்கிற அவளுக்கும் நன்மை இல்லை. இவனை யாரும் கேட்கவில்லை, கோவில்பிள்ளைக்கு வேலை அதிகம் என்று விட்டுவிட்டார்கள்.

ஐப்பசி போனது, கார்த்திகை போனது. மார்கழியில் பாலன் பிறந்த திருநாளுக்கு ஊரே புதுத்துணி உடுத்தி நன்மை வாங்கியது. இருதயம்மாள் மரத்தடியில்தான் இருந்தாள். ஞானசெல்வியும் உள்ளே போகாமல் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அதைப் பார்த்த நாளிலிருந்து மணியடிக்கும்போது இஞ்ஞாசிமுத்துவுக்குக் கை கூசியது. அருளாயி கயிற்றைப் பிடிக்க ஓடிவந்தால் காரணமில்லாமல் அதட்டினான்.

தை மாதம் சாமியார் வந்தார். தவக்காலத்துக்கு முன்னால் அதுதான் கடைசி வரவு. சனிக்கிழமை சாயந்திரம், சங்கீர்த்தனத்துக்கு வந்த கடைசி ஆளும் எழுந்து போன பிறகு, இஞ்ஞாசிமுத்து போய், சாமியாரை மறைத்து நின்ற மூங்கில் தட்டிக்கு இந்தப் பக்கம் முழந்தாளிட்டான். எழுந்திருக்கப் போன சாமியார் மறுபடி உட்கார்ந்தார்.

எல்லாவற்றையும் சொன்னான். எண்ணெய் எடுத்தது, செம்பு எடுத்தது, பெண்டாட்டியிடம் பொய் சொன்னது, விளக்குப் போட்டது, சிலுவை போட்டது, குடை பிடித்துக்கொண்டு சும்மா நின்றது, முள்ளைச் சீவி முடி வைத்தது.

"இவற்றுக்கெல்லாம் மனஸ்தாபப்படுகிறீரா?" என்று சாமியார் கேட்டார்.

"அந்தத் தாயி தலையில முடி வச்சதுக்கு மனசு வெந்து கெடக்கேன் சாமி. எண்ணெய் எடுத்ததுக்கும் வருத்தந்தான். ஆனா வெளக்குப் போட்டதுக்கு..." அவன் நிறுத்தினான். "வருத்தம் வரல சாமி. வரவழைச்சுப் பாத்தேன். பிள்ள மொகத்தப் பாத்தா வர மாட்டேங்குது."

இதைச் சொன்னதும் எல்லாம் கெட்டது என்று நினைத்தான். மனஸ்தாபம், அதாவது செய்த பாவத்துக்கு வருத்தம், இல்லாதவனுக்கு ஏது பொறுத்தல்?

"வர வேண்டும் என்கிற ஆசையாவது உமக்கு உண்டா?"

அவன் யோசித்துத்தான் பதில் சொன்னான். "ஆசை இருக்கு சாமி."

"இப்போதைக்கு அது போதும்" என்றார் சாமியார்.

பிறகு அவர் குரல் கம்மியது. "கேளும். நீர் இங்கே சொன்னதை நான் அறிவேன், ஆயினும் அறியாதவன். நாளை அந்த ஸ்திரீ என் முன்னால் நின்றாலும், சங்கீர்த்தனத்தில் கேட்டதில் ஒரு வார்த்தை வெளியே சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அவளுக்கு நான் நன்மை கொடுக்க வேண்டுமானால் உம்முடைய வாய் திறக்க வேண்டும். அவளை வாசலில் நிறுத்தினவன் நான். செம்புக்குக் கால் முளைத்ததோ என்று பரிகாசம் பண்ணினவனும் நானே. அதை நான் எங்கே போய்ச் சொல்லிக்கொள்ளுவேன் என்பது என் பாடு. நீர் ஊர் முன்னால் சொல்லுவீரா?"

"சொல்றேன் சாமி."

பாவப்பொறுத்தல் கொடுத்தார். அபராதம் என்ன என்று அவன் காத்திருந்தான். மாதாவுக்குச் சொல்கிற சின்னச் செபமான அருள்நிறைந்த மந்திரம் மூன்று என்றார்.

"மூணுதானா சாமி?"

"மூன்றுதான்."

முழங்காலால் உத்தமபாளையம் வரை போ என்றிருந்தால் அவன் சந்தோஷமாகப் போயிருப்பான். அது வாயைத் திறப்பதைவிடச் சுலபம். அன்றைக்கு இருட்டுமுன் ஓடைக்கரைக்குப் போய் முற்றின முள்ளாகப் பார்த்து வெட்டினான். பேனாக்கத்தியை எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்தான், இரண்டாம் மணி அடித்தான். சனங்கள் வந்துகொண்டிருக்கும்போது முடியைத் தானே எடுத்துத் தன் தலையில் வைத்து அழுத்திக்கொண்டு வாசலில் போய் நின்றான்.

உபதேசியார் திகைத்துப் போனார். "ஏலே, என்ன இது? யாருக்கு இந்த முடி? சாமியாரு ஒண்ணும் சொல்லலையே."

"எனக்குத்தான்."

"என்னண்ணே, நேர்ச்சையா?" என்று பொன்னுராஜ் கேட்டான்.

ஆமாம் என்று ஒரு சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் தீர்ந்தது, மிக்கேல்பட்டியில் இவனைப்போல பக்திமான் உண்டா என்று ஊர் மெச்சியிருக்கும். மூன்று ஞாயிறு நின்றுவிட்டு மறுபடி மணிக்கயிற்றைப் பிடித்திருப்பான். அந்த ஒரு நிமிஷத்தை நினைத்தால் சாகிறவரைக்கும் அவனுக்கு உடம்பு கூசியது. பூவரச மரத்தடியில் இருதயம்மாள் வந்து உட்காருவதைப் பார்த்தான். வாயைத் திறந்தான்.

"குச்சனூருக்குப் போனது நான். எம் பிள்ளைக்குக் காய்ச்சல்னு வெளக்குப் போட்டேன். போட்ட எண்ணெய் மிக்கேலாண்டவரு எண்ணெய். கெணத்தடியில இருந்த செம்ப எடுத்துட்டுப் போயி அங்கன விட்டுட்டு வந்ததும் நான். இருதயம்மாளுக்கு ஒண்ணும் தெரியாது. அவ நின்னப்ப நான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

ரோசம்மாள் மகளை இழுத்துத் தன் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள். அவள் புருஷனைப் பார்த்த பார்வையில், மருந்து வாங்கப் போகிறேன் என்று சொன்னாயே என்பது மட்டும்தான் இருந்தது. உள்ளே பீடத்துக்கு முன்னால் உடுப்பு உடுத்திக்கொண்டிருந்த சாமியார் முதுகைக் காட்டியபடியே நின்றார். திரும்பவில்லை.

இருதயம்மாள் எழுந்து வந்தாள். சனம் விலகி வழிவிட்டது. அவனுக்கு நேர் எதிரே நின்று, நெற்றியில் ரத்தம் இறங்குவதைப் பார்த்தாள்.

"குத்துதாண்ணே?" என்று கேட்டாள்.

"குத்துது."

"சரி" என்று சொல்லிவிட்டு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கோவிலுக்குள் போனாள். ஆறு மாதத்துக்குப் பிறகு அவள் அந்தப் படி ஏறியது அன்றைக்குத்தான்.

சாமியார் பூசையைத் தொடங்காமல் வந்து தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். இருதயம்மாள் போய் முழந்தாளிட்டாள். போனதும் தெரியவில்லை, எழுந்ததும் தெரியவில்லை. சொல்ல அவளிடம் என்ன இருந்தது? சாமியார்தான் அதற்கப்புறமும் கொஞ்சநேரம் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தார். நன்மை கொடுக்கும்போது வேறு யாரோ மணியடித்தார்கள். மூன்று அடிக்க வேண்டிய இடத்தில் நாலு அடித்தார்கள். வாசலில் நின்றவனுக்குப் பீடம் தெரியவில்லை, மணி மட்டும் கேட்டது. அவள் வாங்கிவிட்டாள் என்று தெரிந்துகொண்டு அழுதான்.

கதை அத்தோடு நல்லபடியாக முடிந்திருக்கக் கூடாதா? முடியவில்லை. செவ்வாய்க்கிழமை தெற்கேயிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் ஓலை வாசித்தாகிவிட்டதாம், அதுவும் இவன் வாயைத் திறந்த அதே ஞாயிற்றுக்கிழமை. இவன் ஒரு வாரம் முன்னால் வாயைத் திறந்திருந்தால் போதும். ஞானசெல்வி மூன்று நாள் வெளியே வரவில்லை.

ஊர் கூடி மணியை அவன் கையிலிருந்து வாங்கிப் பொன்னுராஜிடம் கொடுத்தது. சாமியார் கேட்காமலே இவன் மூன்று ஞாயிறும் நின்றான். கடைசி ஞாயிறு தவக்காலத்தில் விழுந்தது. பொன்னுராஜ்தான் முடியை எடுத்தான். "மெதுவாத்தான் எடுக்கேண்ணே, ஆடாம நில்லுங்க" என்று ஒவ்வொரு முள்ளாக விலக்கி எடுத்தான். அந்தப் பரிவு இஞ்ஞாசிமுத்துவுக்கு முள்ளைவிட அதிகமாக வலித்தது.

எல்லாரும் போய்விட்டார்கள். கிணற்றடியில் இருதயம்மாள் செம்பை விளக்கிக்கொண்டிருந்தாள். அதே செம்பு. இவன் போய்த் தள்ளி நின்றான்.

"தங்கச்சி, என்ன மன்னிச்சுக்கிடு."

அவள் விளக்குவதை நிறுத்தவில்லை. செம்பைப் பார்த்தபடியே பேசினாள். "எம் பேரு எனக்கு வந்துருச்சு. எம் மகளுக்கு அந்த வாழ்வு வரல. அவ அழுகிறதப் பாத்துட்டு, மன்னிச்சேன்னு சொல்ல வாயெடுத்தா வர மாட்டேங்குது. பொய் சொல்ல எனக்குத் தெரியாது, உனக்கே தெரியும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொல்லணும்னு ஆசை இருக்குண்ணே" என்றாள் அவள். "இப்போதைக்கு அது போதுமா?"

அவனுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாமியார் சொன்ன அதே வார்த்தை; அதை அவன் ரோசம்மாளிடம்கூடச் சொன்னதில்லை.

"போதும் தாயி" என்றான்.